பிஎன்சி சாக்கெட்டைப் பெட்டியிலிருந்து பிரிக்க: ரெடிமேடா, புஷ்ஷா, ஹைலமா?

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு எர்த் இரண்டு இடத்தில் இறங்குகிறது. முகப்புக்கு அந்தக் காலத்தில் போட்டது ஒன்று. கிணற்றுக்கு மோட்டார் வைத்தபோது பின்கட்டில் குழி வெட்டிப் போட்டது இன்னொன்று. நான் கட்டிய ப்ரீஆம்ப் (பாட்டு சிக்னலைத் தயார் செய்யும் பெட்டி) பின்கட்டு லைனில், பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் பெட்டி) முகப்பில், நடுவே வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றிப் பதினைந்து மீட்டர் ஷீல்டு கேபிள் (சிக்னல் கம்பியைச் சுற்றி உலோக வலை போட்டது; அந்த வலைதான் ஷீல்டு). சொருகியதும் 50 ஹெர்ட்ஸ் ‘ம்ம்ம்’. ஆச்சி எட்டிப் பார்த்து, “மோட்டார இன்னும் நிப்பாட்டலையாப்பா?” என்றார்கள்.

மோட்டார் ஓடவில்லை. இரண்டு பெட்டியிலும் பிஎன்சி சாக்கெட்டின் (கேபிளைச் செருகித் திருகிப் பூட்டும் வட்டச் சாக்கெட்) உலோக உடம்பு பெட்டியைத் தொடுகிறது, பெட்டி எர்த்தைத் தொடுகிறது. ஷீல்டும் இரண்டு எர்த்தும் சேர்ந்து ஒரு வட்டம். அதில் ஓடும் கரண்டு ஷீல்டில் உண்டாக்கும் வோல்டேஜ் பாட்டோடு கலந்துவிடுகிறது.

சாக்கெட்டைப் பெட்டியிலிருந்து பிரித்தால் இந்த வட்டம் உடையும். அதற்கு முதல் வழி, பிளாஸ்டிக் உடம்போடு வரும் இன்சுலேட்டட் பிஎன்சி. சாதாரண பிஎன்சிக்கு 9.5 மி.மீ. ஓட்டை போதும், இதற்கு 12.7 மி.மீ. வேண்டும். ஓட்டையின் ஒரு பக்கம் தட்டையாக நிற்கும்படி அரம் போட்டால் சாக்கெட் சுழலாது. வேலை சுத்தம். ஆனால் விலை கூடுதல், சால்டரிங் அயர்னைக் கொஞ்சம் அதிகம் பிடித்தாலும் பிளாஸ்டிக் இளகும்.

இரண்டாவது நைலான் புஷ், அதாவது ஓட்டைக்குள் உட்காரும் வளையம். ஆர்சிஏ சாக்கெட்டுக்கு இதுவே போதும், பல நேரம் கூடவே வரும். பிஎன்சிக்குத்தான் தலைவலி. ஓட்டையைப் பெரிதாக்கி, புஷ் நடுவில் உட்காரும்படி பார்த்து, முன்னும் பின்னும் வாஷர் வைத்து நட்டை இறுக்க வேண்டும். கேபிளை நாலு முறை திருகிக் கழற்றினால் சாக்கெட் கூடவே சுற்றும். எனக்கு அப்படித்தான் ஆனது: சுற்றியதில் ஸ்டார் வாஷரின் ஒரு பல் பெட்டியின் பெயிண்டைச் சுரண்டி உலோகத்தைத் தொட்டுவிட்டது. மல்டிமீட்டரை வைத்தால் ‘பீப்’. பெயிண்டை நம்பி யாரும் இன்சுலேஷன் என்று சொல்லாதீர்கள்.

மூன்றாவது, என் கட்சி: பெட்டியின் பின்புறத்தில் நீளமான ஜன்னல் வெட்டி, உள்ளே 3 மி.மீ. ஹைலம் ஷீட்டை (பிசின் ஊட்டி அழுத்திய கெட்டித் தகடு, கரண்டு கடத்தாது) நாலு ஸ்க்ரூவில் பிடித்து, எல்லா சாக்கெட்டையும் அதில் மாட்டுவது. பழைய ஸ்விட்ச் போர்டில் கழற்றிய துண்டு எங்கள் வீட்டில் கிடந்தது. சூட்டுக்கு அசராது. அக்ரிலிக் அழகுதான், ஆனால் நட்டை இறுக்கும்போது விரிசல் விடும். ஹைலமில் ஒரே குறை, ஜன்னல் வழியாக ரேடியோ அலை உள்ளே வரும். அதற்கு ஒவ்வொரு சாக்கெட் உடம்பிலிருந்தும் பெட்டிக்கு 10 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று, காலை ஒட்ட வெட்டி. 50 ஹெர்ட்ஸுக்கு அது கிட்டத்தட்ட மூடிய கதவு.

எதைப் போட்டாலும் ஒரு சாக்கெட்டை மட்டும் விட்டுவிட்டால் எல்லாம் வீண். அதோடு, உள்ளே சிக்னல் கிரவுண்டை (சாக்கெட் உடம்புகள் போய்ச் சேரும் பொதுப் புள்ளி) தடித்த ஒயரில் பெட்டியோடு கட்டினால் அதே வட்டம் திரும்பவும் வந்துவிடும். சாக்கெட்டைப் பிரிப்பது, எங்கே இணைப்பது என்பதை நம் கையில் எடுப்பதற்குத்தான். சிக்னல் கிரவுண்டைப் பெட்டியோடு ஒரே இடத்தில் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைத்தேன். அதற்குப் பேரலலாக 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையர்: பிளஸ்ஸையும் மைனஸையும் ஒன்றாக முறுக்கி, இரண்டு ஏசி காலையும் ரெசிஸ்டரின் இரு முனைக்கும். உள்ளே மெயின்ஸ் சிக்னல் கிரவுண்டைத் தொட்டால் கரண்டு அந்த பிரிட்ஜ் வழி எர்த்துக்குப் போய் ஃபியூஸைப் பறக்க வைக்கும். ‘ம்ம்ம்’ அடங்கியது.

மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றினாலும் சத்தம் நிற்கும். அதைச் செய்யவே கூடாது. பெட்டி எப்போதும் எர்த்தில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஆடியோவுக்கு. 7 மெகாஹெர்ட்ஸ் ஹாம் டிரான்ஸ்மிட்டர் கட்டுகிறவர்கள் ஆன்டெனா சாக்கெட்டை நேராகப் பெட்டியிலேயே முறுக்குங்கள். அங்கே ஸ்டார் வாஷர் பெயிண்டைக் கடித்தால்தான் நல்லது.