ஒரு டாலர், நூறு டாலர்: டிரினிடாட் நோட்டுகளில் இரண்டு பறவைகள்

கரீபியன் தீவு நாடான டிரினிடாட் டொபேகோவின் பாலிமர் (பிளாஸ்டிக்) நோட்டுகளில் எனக்குப் பிடித்தது சிவப்பு ஒரு டாலர்தான். அதில் இருப்பது செந்நிற அரிவாள்மூக்கன், நாட்டின் தேசியப் பறவைகளுள் ஒன்று. கரோனி சதுப்பு நிலத்தில் மாலையில் கூட்டமாக வந்து அடையும். நண்டும் இறாலும் தின்றுதான் அந்தச் சிவப்பே வருகிறது.

2019 டிசம்பரில் வந்த நீல நூறு டாலரில் சொர்க்கப் பறவை. தோகை அழகுதான், ஆனால் அது மண்ணின் பறவையல்ல. நியூகினி அருகிலுள்ள அரு தீவுகளிலிருந்து 1909இல் டொபேகோ அருகிலுள்ள லிட்டில் டொபேகோ என்ற சிறு தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1963இல் ஃபுளோரா புயல் அந்தத் தீவைச் சூறையாடியது. பின்னர் பறவை அங்கே அடியோடு அற்றுப்போனது. அழிந்த விருந்தாளிக்கு நூறு, வாழும் சொந்தப் பறவைக்கு ஒன்றா? எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் மாற்றியே அச்சிட்டிருப்பேன்.