காலை உணவுத் திட்டம்: எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் பரிமாறப்படும் விதம்

மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை, எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக அருகிலிருந்து கவனித்து வருகிறேன். பொங்கலும் காய்கறிச் சாம்பாரும் வீட்டுச் சமையலுக்குக் குறைந்தவை அல்ல. ரவை உப்புமா மட்டும் ஆறியதும் இறுகிவிடுவதால், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் பாதியிலேயே தட்டை வைத்துவிடுகிறார்கள்.

சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த, இதே பள்ளியில் தம் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்கள். ஆகவே உப்பு கூடினாலும் காரம் ஏறினாலும் அன்று மாலையே வீட்டில் அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எந்த ஆய்வு அலுவலரும் இவ்வளவு விரைவாகக் குறையைச் சொல்லிவிட முடியாது.

ஆயினும் இந்தச் சேவையின் தரத்தைத் தீர்மானிப்பவர் தலைமை ஆசிரியரே என்பது என் உறுதியான கருத்து. எங்கள் தலைமை ஆசிரியை எட்டு மணிக்கு முன்பே வந்து, உணவைச் சுவைத்துப் பார்த்து, கை கழுவக் குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றி, பரிமாறி முடித்த பின்னர் அவர்களோடு தரையில் அமர்ந்து அதையே உண்கிறார். யார் வரவில்லை, யார் இரண்டாம் முறை கேட்கத் தயங்குகிறார்கள் என்பதை அந்த நேரத்தில் அவர் கண்டுகொள்வதால், வீட்டில் சிரமம் உள்ள பிள்ளைகளின் நிலை குழுக் கூட்டத்துக்கு முன்பே எங்களுக்குத் தெரியவருகிறது. கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருந்தாலும், தலைமை ஆசிரியர் முன்னிலையில் வாய் திறக்கத் தயங்கும் தாய்மார்களே பல ஊர்களில் அதிகம். இங்கே அவர்கள் தயங்குவதில்லை. காலையில் தம்மோடு நின்று தட்டு எடுத்துக் கொடுத்தவரிடம் மாலையில் கேள்வி கேட்பது அவர்களுக்கு இயல்பாக வருகிறது.

நான் பார்த்த வேறொரு பள்ளியில், இது சமையல்காரர்களின் வேலை என்று தலைமை ஆசிரியர் ஒதுங்கியிருந்ததால் உணவு தாமதமாகி, முதல் பாடவேளை வரை பந்தி நீண்டது. பொருள்களும் பட்டியலும் அங்கும் இவையே.

விடியும் முன் எழுந்து அடுப்பு மூட்டும் தாய்மார்களுக்குத் தரப்படும் மதிப்பூதியம் அவர்களின் உழைப்புக்குப் போதாது. அதை உயர்த்த வேண்டும். உப்புமா நாள்களில் கடைசித் தொகுதியைத் தாமதமாகக் கிளறி இறக்கினால், சிறு குழந்தைகளுக்கும் சூடாகக் கிடைக்கும்.