வீல், டயர், பிரேக் ஒரே செட்டாக வாங்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மூன்று மாதச் சம்பளம். மொத்தமாகப் போய்விட்டது. நேற்றுதான் கடைசியாகக் கைவிரித்தார்கள், ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ரேஸ் டிராக்கில் ஓட்டும் கார்களுக்கு வீல், டயர், பெரிய பிரேக் மூன்றையும் சேர்த்து ‘செட்’டாக விற்கும் ஓர் ஆன்லைன் கடை. பெயர் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி செட் விற்பவர்கள் நிறைய பேர், எல்லாரிடமும் இதே கவனம் வேண்டும்.

ஏன் நம்பினேன்? போனில் பேசியவர் அவ்வளவு விவரமாகப் பேசினார். எத்தனையாவது லேப்பில் (சுற்றில்) சூடேறிப் பிரேக் பெடல் இறங்குகிறது, பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள், முன் டயரின் வெளி ஓரம் அதிகம் தேய்கிறதா என்று அவராகவே கேட்டார். இதையெல்லாம் கேட்கிற மனிதர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? முன்னால் 355 மி.மீ. பிரேக் டிஸ்க், அதை இறுக்கிப் பிடிக்கும் நான்கு பிஸ்டன் காலிப்பர், 17 அங்குல ரிம், 255/40 அளவு டயர் என்று அவரே முடிவு செய்தார். “17 ரிம்முக்குள்ள 355 டிஸ்க் உட்காருமா?” என்று ஒரு தடவை கேட்டேன். கேட்கத்தான் செய்தேன்! “சார், உங்க மாடலுக்கே நாலு செட் போட்டிருக்கோம், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க” என்றார். அந்த ஒரு பேச்சை நம்பி மூன்று மாதச் சம்பளத்தையும் அன்று ராத்திரியே அனுப்பினேன்.

டயரை ரிம்மில் ஏற்றிக் காற்றடித்தே அனுப்பியிருந்தார்கள். டிஸ்க்கும் காலிப்பரும் பூட்ட ஒரு முழு நாள் ஆனது. அப்புறம் வீலைத் தூக்கி மாட்டப் போனால், பாதியிலேயே நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். காலிப்பரின் முதுகு ரிம்மின் உள்சுவரில் முட்டி, புதுச் சிவப்புப் பெயிண்ட் நகக்கண் அளவுக்கு உரிந்து உலோகம் பளிச்சென்று தெரிந்தது.

கணக்கைப் பாருங்கள். 17 அங்குலம் என்றால் 432 மி.மீ., அதில் பாதி 216. டிஸ்க்கில் பாதி 177.5. மிச்சம் 38 மி.மீ. சொச்சம். டிஸ்க்குக்கு மேலே நிற்கும் காலிப்பர் உடம்பு, ரிம்மின் தடிமன், டயர் ஏற்றுவதற்காக ரிம்மில் விட்டிருக்கும் பள்ளம், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 355 டிஸ்க்குக்குப் பொதுவாக 18 அங்குல ரிம் வேண்டும். இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு இது தெரியாதா?

முதல் நாள், “ஸ்பேசர் போடுங்க சார்.” ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டு. வீலின் ஸ்போக் (ஆரக்கால்) காலிப்பரில் இடித்தால் அது உதவும், வீலை வெளியே தள்ளும். உள்சுவர் முட்டினால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. மறுநாள், “காலிப்பரை லேசா அரம் வச்சு ராவிடுங்க.” பிரேக்கை! நேர்சாலை முடிவில் என் உயிரைப் பிடித்து நிறுத்த வேண்டிய பொருளை! மூன்றாவது, “டயர் ஏத்தின ரிம்மைத் திரும்ப எடுக்க மாட்டோம்.” ஏற்றியதே அவர்கள்தான். நேற்று வேறு யாரோ எடுத்து, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று வைத்துவிட்டார். மூன்று மாதச் சம்பளத்துக்கு இதுதான் பதில்.

டயரும் பழசு. பக்கவாட்டில் 1819 என்று இருக்கிறது, அதாவது 2019ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். புதுச் சரக்கு என்றுதான் விற்றார்கள்.

அளவுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இப்போதைக்கு இவ்வளவுதான். போல்ட் வட்டம் (வீல் போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்), ஹப் துளை (வீலின் நடுத் துளை), ஆஃப்செட் (வீலைப் பூட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது) மூன்றையும் நீங்களே அளந்துகொள்ளுங்கள். பொருந்தாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். டயரைத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள். பெடல் இறங்குகிறது என்றால் முதலில் டிராக்குக்கான பிரேக் பேடும் புது பிரேக் ஆயிலும் போட்டுப் பாருங்கள். டாட் 4 வகைப் பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். எனக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும்.

முக்கியமாக, காலிப்பரின் முழு அளவு வரைபடத்தை வாங்கி, அட்டையில் வெட்டி, ரிம்முக்குள் வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பார்சல் வந்த பெட்டியின் அட்டையிலேயே நேற்று ராத்திரி வெட்டிப் பார்த்தேன். பத்து நிமிடம்தான் ஆனது. பெயிண்ட் உரிந்திருந்த அதே இடத்தில் அட்டையும் முட்டி நின்றது.