சிறிய கரியமில வாயு உருளை: அமுக்கு வால்வா, கைப்பிடி வால்வா?

மீன்தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் அவற்றுக்கு உருளையிலிருந்து கரியமில வாயு ஊட்டுவார்கள். வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில் எது நல்லது என்று வாரக்கணக்கில் அலசுவார்கள். உருளையின் தலையில் இருக்கும் வால்வை யாரும் கண்டுகொள்வதில்லை. நானும் அப்படித்தான், பெயிண்ட்பால் விளையாட்டுக்கான 567 கிராம் உருளை ஒன்றை வாங்கி இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன். இப்போது இருப்பது கைப்பிடி வால்வு வைத்த இரண்டு கிலோ உருளை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

பெயிண்ட்பால் உருளையில் இருப்பதை அமுக்கு வால்வு என்று சொல்லிக்கொள்வோம். டயர் வால்வைப் போல நடுவில் ஒரு சிறு குச்சி இருக்கும். ரெகுலேட்டரைத் திருகி ஏற்றும்போது அது குச்சியை அழுத்தும், வாயு திறந்துகொள்ளும். மூடுவதற்குத் தனியாக எதுவும் கிடையாது. கைப்பிடி வால்வில் ரெகுலேட்டரைப் பொருத்துவது ஒரு வேலை, வாயுவைத் திறப்பது வேறு வேலை.

அமுக்கு வால்வு உருளை சிறியது, எடை குறைவு, தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரியில் அடங்கும். அடிப்பக்கம் உருண்டையாக இருப்பதால் தானாக நிற்காது, தாங்கி வேண்டும். படுக்க வைத்தால் உள்ளே திரவமாக இருக்கும் கரியமில வாயு ரெகுலேட்டருக்குள் போய்விடும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை.

சமாளிக்க முடியாதது கசிவடைப்பு. அமுக்கு வால்வில் அந்தப் பொறுப்பு முழுவதும் ஓ-ரிங் எனப்படும் ஒரு சிறிய ரப்பர் வளையத்தின் தலையில் விழுகிறது. 20 டிகிரி வெப்பத்தில் உருளைக்குள் ஏறத்தாழ 57 பார் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் கரியமில வாயு ரப்பருக்குள்ளேயே ஊறிப்போகும். ரெகுலேட்டரைக் கழற்றியதும் ஊறிய வாயு வெளியேறப் பார்க்கும், ரப்பர் உப்பிக் கொப்புளம் கட்டும். சாதாரண நைட்ரைல் ரப்பர் வளையம் இரண்டு மூன்று முறையிலேயே பிய்ந்துவிடும். பாலியூரித்தேன் வளையம் நன்றாகவே தாங்குகிறது, ஆனாலும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு நாள் பார்க்காமல் திருகினேன். வளையம் பாதியில் அறுந்தது, குச்சியோ ஏற்கெனவே அழுந்திவிட்டது. கழற்றினால்தான் சீறல் நிற்கும், கழற்றக் கை வைத்தால் பித்தளை முழுவதும் உறைபனி. துணியைச் சுற்றிக் கழற்றி முடிப்பதற்குள் பாதி வாயு அறைக்குள் போயிருந்தது. காற்றைவிடக் கனமான வாயு, தரையோரம் தேங்கும். ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

கைப்பிடி வால்வில் இந்த நாடகம் இல்லை. வால்வை மூடி, ரெகுலேட்டரில் மிச்சமிருப்பதை வெளியேற்றிவிட்டு, நட்டைக் கழற்றலாம். அடைப்பது தட்டையான வாஷர். உருளை மாற்றும்போதெல்லாம் புதிதாக ஒன்றைப் போட்டால் போதும்.

பொருத்தும்போது பலர் செய்யும் பிழை, மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது. இங்கே வாயுவை அடைப்பது மரை அல்ல, வாஷர் அமரும் முகம். டேப் சுற்றினால் நட்டு இறுகியதுபோல் காட்டும், வாஷர் சரியாக அழுந்தியிருக்காது. கையால் கடைசிவரை ஏற்றி, பிறகு ஸ்பேனரால் இறுக்கி, சோப்பு நீர் தடவிப் பாருங்கள். இன்னொன்று: கைப்பிடி வால்வின் மரை எல்லா இடத்திலும் ஒரே அளவு அல்ல. வட அமெரிக்க அளவான சிஜிஏ 320, ஐரோப்பிய அளவான டபிள்யூ 21.8 இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைகள்தான். விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட வேறுபாடு இல்லை. ஒன்றின் நட்டு மற்றதில் தொளதொளவென்று ஏறிவிடக்கூடும் என்பதுதான் ஆபத்து. ஆடினால் உடனே நிறுத்துங்கள்.

பழைய உருளையிலேயே வால்வை மட்டும் மாற்றலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. கழுத்து மரையின் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். நேர் மரைக் கழுத்தென்றால் ஓ-ரிங் மட்டும், டேப் கூடாது. எஃகு உருளைகளில் வரும் கூம்பு மரைக்குத்தான் டேப். இறுக்கும் விசையையும் அளந்து இறுக்க வேண்டும். ஆகவே அதை வாயு நிரப்பும் இடத்தில் விட்டுவிடுவதே என் கட்சி. அமுக்கு வால்வு வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம்: கழுத்துக்கும் வால்வுக்கும் குறுக்கே பெயிண்டால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றுவதும் வால்வு கழுத்திலிருந்து கழல்வதும் ஒரே திசை. கோடு விலகினால் கையை எடுத்துவிடுங்கள். நிறைந்த உருளையிலிருந்து வால்வு பிரிந்தால் உருளை ராக்கெட்டாகப் பாயும்.

குமிழ் வைத்த அடாப்டர் என்றோர் இடைவழி உண்டு. ரெகுலேட்டரைத் திருகி ஏற்றிய பிறகு குமிழைச் சுற்றினால்தான் குச்சி அழுந்தும். மூன்று மாதம்தான் வைத்திருந்தேன், தொல்லை தரவில்லை. ஆனால் அதே ஓ-ரிங், அதே அச்சம். சோடா இயந்திர உருளையும் அமுக்கு வகைதான், மரை மட்டும் வேறு. நண்பர் ஒருவரின் தொட்டியில் பார்த்ததோடு சரி, நெடுநாள் உழைப்பைப் பற்றி நான் பேசக்கூடாது.

எந்த வால்வானாலும் பொருத்திய அன்று உருளையை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தமானி அதே எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய கசிவை அது காட்டிக்கொடுக்காது, தராசு காட்டிக்கொடுத்துவிடும்.