தானாக முளைத்த செடி: பிடுங்குவதா, விடுவதா, தொட்டிக்கு மாற்றுவதா?

நாம் விதைக்காத இடத்தில் ஒரு முளை. தடித்த இரண்டு இலைகள், ஒன்றின் நுனியில் விதையின் ஓடு இன்னும் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. என்ன செடி என்று தெரியாது. பிடுங்கிப் போடலாம், அப்படியே விடலாம், தொட்டிக்கு மாற்றி வளர்த்துப் பார்க்கலாம். மூன்றையும் செய்து பார்த்திருக்கிறேன்.

உடனே பிடுங்குவதில் வேலை மிச்சம். பார்த்தீனியம் போன்ற களை பூத்துவிட்டால் ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும், அதற்கு முன்பே கதையை முடித்துவிடலாம். ஆனால் முதலில் வரும் அந்த இரண்டும் விதையிலைகள். அவற்றை வைத்துத் தக்காளியையும் மிளகாயையும் பிரித்துச் சொல்வதே கஷ்டம். களை என்று நினைத்து ஒன்றைக் கிள்ளி எறிந்தேன், அப்புறம் விரலில் தக்காளி இலை வாசனை. அன்றிலிருந்து மூன்று நான்கு நிஜ இலைகள் வரும்வரை எதையும் தொடுவதில்லை. சுவர் விரிசலில் முளைக்கும் ஆலும் அரசும் மட்டும் விதிவிலக்கு. பறவை எச்சத்தில் வந்த அந்தக் கன்றுகளின் வேர் தடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும்.

இருந்த இடத்திலேயே விட்டால் ஆணிவேர் அறுபடாது, செடி வாடி நிற்காது. பூசணி, சுரை, வெள்ளரி இவற்றுக்கு வேரை அசைத்தாலே பிடிக்காது என்பதால் எனக்கு இந்த வழிதான் சரி. மக்கு உரத்தோடு வந்த பூசணி விதை, நான் பார்த்துப் பார்த்து விதைத்ததைவிடச் செழிப்பாகப் படர்ந்தது உண்டு. ஆனால் காயை நம்பிவிடக் கூடாது. தாய்ச்செடியின் பூவுக்கு எந்த மகரந்தம் வந்ததோ, அது இந்தத் தலைமுறைக் காயில்தான் தெரியும். வீரிய ஒட்டு ரக (ஹைபிரிட்) விதை என்றால் பழைய காயே திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. சில சமயம் குக்குர்பிட்டசின் என்ற நச்சுக் கசப்பு ஏறிவிடும், வேகவைத்தாலும் அது போகாது. அறுத்ததும் ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள். இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இந்தச் சோதனையும், பூசணிதான் சுரைதான் என்று உறுதியாகத் தெரிந்த காய்க்கு மட்டுமே. பெயர் தெரியாத செடியின் இலையோ காயோ வாய்க்குப் போகக் கூடாது. ஊமத்தை கத்தரியின் குடும்பம்தான், ஆனால் முழுச் செடியும் விஷம்.

தொட்டி, தக்காளிக்கும் மிளகாய்க்கும் நல்ல ஏற்பாடு. தக்காளித் தண்டைக் கொஞ்சம் ஆழமாகப் புதைத்தால் புதைந்த பகுதியிலும் வேர் விடும். முள்ளங்கி, கேரட்டை மாற்றினால் கிழங்கு கோணிப்போகும். பப்பாளியைச் சின்னக் கன்றாக இருக்கும்போதே மண்ணோடு அள்ள வேண்டும். அது ஆணா பெண்ணா என்று பூத்தபிறகுதான் தெரியும், அதுவரை இடம் கொடுக்க மனசு வேண்டும்.

போன வருடம் விளைந்த பாத்தியில் தப்பி நின்ற கிழங்கிலிருந்து முளைக்கும் உருளைக்கும் நான் வாய்ப்பே தருவதில்லை, கிழங்கோடு பிடுங்கிவிடுவேன். கருகல் நோய் அந்தக் கிழங்கில் தங்கிப் புதுப் பயிருக்குத் தாவும்.

மற்ற எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, முளைத்த தேதியை எழுதிவைக்கிறேன். முதல் பூ வரும்வரை தவணை. பூவைப் பார்த்தும் பெயர் பிடிபடவில்லை என்றால், விதை கட்டுவதற்குள் கையுறை போட்டுப் பிடுங்கிவிடுவேன்.