பதனி குடிக்க எங்கே போகலாம்: ராமேஸ்வரம் ரோட்டோரமா, சாயல்குடி விடிலியா?

ராமேஸ்வரம் போகிறவர்கள் பெரும்பாலும் மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் ரோட்டோரத்தில்தான் பதனி (பதநீர்) குடிக்கிறார்கள். இன்னொரு வழியும் உண்டு. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி ரோட்டில் கீழக்கரை, ஏர்வாடி தாண்டி சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் போனால் பனங்காட்டு விடிலியிலேயே குடிக்கலாம். விடிலி என்பது பதனி காய்ச்சும் ஓலைக்கொட்டகை. எங்கே போனாலும் பங்குனியிலிருந்து ஆனி வரைதான் நல்ல காலம்.

ரோட்டோரத்தில் அலைச்சல் இல்லை. வண்டியை நிறுத்தியதும் ஓலைப்பட்டை கைக்கு வந்துவிடும், நுங்கும் வெட்டிப் போடுவார்கள். ஆனால் அது எப்போது இறக்கிய பதனி என்பதுதான் கேள்வி. முதல் நாள் சாயங்காலம் பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டினால் விடியற்காலையில் இறக்குவார்கள். சாறு புளிக்காமல் தடுப்பது அந்தச் சுண்ணாம்புதான். குறைந்தால் வெயில் ஏற ஏற நுரைத்துக் கள்ளாகிவிடும், கூடினால் தொண்டையில் காரும். பட்டையில் பொடி நுரை பொங்கி, மூக்கில் புளிப்பு வாடை அடித்தால் வாங்க வேண்டாம். குடித்து வெகுநேரம் ஆகியும் நாக்கில் தித்திப்பு போகாமல் கடைசியில் கசந்தால் அதில் சாக்ரின் இருக்கிறது. ஐஸ் போட்டு வைத்திருந்தால் இது எதையும் கண்டுபிடிக்க முடியாது. 9 மணிக்கு மேல் ரோட்டோரப் பதனி வேண்டாம் என்பதே எங்கள் கணக்கு.

விடிலியில் கண்ணெதிரே பன்னாடையில் (பனைமட்டை அடியில் இருக்கும் வலை மாதிரியான நார்) வடித்துத் தருவார்கள். கலயத்தின் அடியில் தங்கிய சுண்ணாம்பு கலங்காமல் மேலாகச் சாய்த்து ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். (கள்ளுக்கு 1987 முதல் தடை. சுண்ணாம்பு தடவாத கலயத்தைக் கேட்டு யாரையும் சங்கடப்படுத்தாதீர்கள்.) குடித்ததும் கிளம்பிவிடாமல் அடுப்புப் பக்கம் நில்லுங்கள். பொங்கி வழியாமல் இருக்க நசுக்கிய ஆமணக்கு முத்தைப் போடுவார்கள். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, உருண்டால் சட்டியை இறக்கித் துடுப்பால் கிண்டிச் சிரட்டையில் ஊற்றுவார்கள். 10 லிட்டர் காய்ச்சினால் 1 கிலோ சொச்சம் கருப்பட்டி தேறும். பதனி லேசாகப் புளித்திருந்தாலும் பாகு இறுகாது, அன்றைய பாடு வீண். பாதி காய்ந்த கூப்பனியை ஒரு வாய் கேட்டு வாங்கிக் குடியுங்கள். ரோட்டோரத்தில் அது கிடைக்காது.

குறையும் இருக்கிறது. போர்டு கிடையாது, கழிப்பறை கிடையாது, காலில் பனைமட்டைக் கருக்கு (ரம்பம் மாதிரியான ஓரம்) கிழிக்கும். 6 மணிக்கே போனால் இறக்குவதைப் பார்க்கலாம், 10 மணிக்கு மேல் காய்ச்சுவதைப் பார்க்கலாம். வயசாளிகளும் கைக்குழந்தையும் கூட வந்தால் ரோட்டோரம் போதும், விடியற்காலையில் போங்கள். மற்றவர்கள் சாயல்குடிக்கே போங்கள்.

அங்கே கருப்பட்டி வாங்கினால், சூடு ஆறும் முன் பிளாஸ்டிக் பையில் கட்ட விடாதீர்கள், வியர்த்து இளகிவிடும். ஓலைக்கொட்டானில் கேளுங்கள்.