ஷ்பார்காஸெயா, மொபைல் வங்கியா? ஜெர்மனிக்குப் படிக்க வருபவர் எங்கே கணக்குத் தொடங்கலாம்

ஜெர்மனியில் வீட்டு முகவரியில் கதவு எண் இருக்காது. தெருப் பெயர், கட்டிட எண், அவ்வளவுதான். பத்துக் குடும்பம் இருக்கும் கட்டிடத்தில் தபால்காரர் உங்களைக் கண்டுபிடிப்பது கீழே தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்துத்தான்.

டோர்ட்முண்டுக்கு வந்த முதல் மாதம் எனக்கு இது தெரியாது. பெட்டியில் என் பெயரை மட்டும் எழுதி ஒட்டினேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருந்ததால், வங்கியின் உறைகளில் அப்பா பெயர் முன்னே நின்றது. இங்கே வங்கிகள் கார்டை ஓர் உறையிலும் பின் நம்பரை இன்னோர் உறையிலும் சில நாள் இடைவெளி விட்டு அனுப்பும். கார்டு கொண்டுவந்தவர் எப்படியோ யூகித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். பின் நம்பர் கொண்டுவந்தவர் ‘அப்படி யாரும் இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார். கையில் கார்டு, கணக்கில் பணம், ஏடிஎம் முன்னால் நான். 19 நாள் அப்படியே போனது. பக்கத்துக் கட்டிடத்தில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் 200 யூரோ கொடுத்து, “காசு வந்தாப் பிறகு தாங்கோ தம்பி, அவசரமில்லை” என்றார். அந்த நன்றியில்தான், வருஷா வருஷம் அக்டோபரில் வரும் பிள்ளைகளுக்கு வங்கி விஷயத்தில் கூட நிற்கிறேன். அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே தலைப்பில் இருப்பது.

கணக்கு இங்கே ஏன் இவ்வளவு அவசரம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவுக்காக ப்ளாக்டு அக்கவுண்டில் ஒரு வருஷச் செலவைக் கட்டிவிட்டுத்தான் பலரும் வருகிறார்கள். 2024 செப்டம்பரிலிருந்து அது 11,904 யூரோ. அந்தப் பணம் மாதம் 992 யூரோவாக ஒரு சாதாரண நடப்புக் கணக்குக்குத்தான் வரும். அந்தக் கணக்கைத் திறக்கப் பல வங்கிகள் நகராட்சியில் முகவரி பதிந்த தாளைக் கேட்கும், அதாவது அன்மெல்டுங். அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரரோ வாடகை எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று கேட்பார். அப்பா அம்மா கடன் வாங்கிக் கட்டிய பணம் கண்ணெதிரே பூட்டிக் கிடக்கும், எடுக்க முடியாது.

சரி, ஷ்பார்காஸெ. ஊருக்கு ஊர் சிவப்புப் பலகையோடு நிற்கும் சேமிப்பு வங்கி. பெயர் ஒன்றானாலும் இது ஒரே வங்கி இல்லை. 300க்கும் மேற்பட்ட தனித்தனி வங்கிகள், ஒவ்வொன்றுக்கும் தன் வட்டாரம். கட்டணமும் நிபந்தனையும் ஊருக்கு ஊர் மாறும், அதனால் பக்கத்து ஊரில் படிக்கும் நண்பன் சொன்ன கட்டணத்தை நம்பிப் போகாதீர்கள். பல இடங்களில் மாணவர்களுக்குக் குறிப்பிட்ட வயது வரை மாதக் கட்டணம் இல்லை. நாடு முழுக்கச் சுமார் 20,000 ஏடிஎம்கள். எந்த ஊர் ஷ்பார்காஸெ கார்டாக இருந்தாலும் மற்ற ஷ்பார்காஸெ இயந்திரத்தில் பொதுவாகக் கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். அதைவிடப் பெரிய விஷயம் கையில் வரும் ஜிரோகார்டு, ஜெர்மனியின் சொந்த டெபிட் கார்டு. இங்கே பழைய ஆட்கள் இன்னும் ஈசி கார்டு என்றே சொல்வார்கள். வீசாவும் மாஸ்டர்கார்டும் வாங்காத ரொட்டிக்கடையும் முடிதிருத்தும் கடையும் இதை வாங்கும். அதையும் வாங்காத கடைகள் உண்டு. ஜெர்மன் மத்திய வங்கியின் 2023 ஆய்வின்படி, கடையில் பணம் கொடுத்த தடவைகளில் 51 சதவீதம் ரொக்கம். ஊரில் டீக்கடையில்கூட ஸ்கேன் பண்ணிப் பழகிய நமக்கு நம்பக் கஷ்டம்தான்.

குறைகளும் கொஞ்சமில்லை. டெர்மின், அதாவது முன்கூட்டியே வாங்கிய நேரம், இல்லாமல் போனால் பெரும்பாலும் உட்கார வைக்க மாட்டார்கள், அந்த டெர்மினும் இரண்டு வாரம் தள்ளிக் கிடைக்கலாம். கவுண்டரில் ஆங்கிலம் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். அப்புறம், ராத்திரி. ஏடிஎம்மை வெடி வைத்துத் தகர்க்கும் கும்பல்கள் இங்கே பெரிய தலைவலி. 2022ல் மட்டும் 496 சம்பவங்கள். அதனால் பல கிளைகளில் ஏடிஎம் இருக்கும் முன்கூடத்தை இரவு 11 மணி வாக்கில் பூட்டி விடியற்காலைதான் திறக்கிறார்கள். மேலே குடும்பங்கள் தூங்கும் கட்டிடம், பூட்டுவதில் நியாயம் இருக்கிறது. கடைசி ரயிலில் வந்து இறங்கி, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே விளக்கு எரியும் இயந்திரத்தைப் பார்த்தபடி குளிரில் நின்றவனுக்கு மட்டும் அது ஆறுதல் இல்லை.

டாய்ச்ச பேங்க், கொமர்ஸ்பேங்க், போஸ்ட்பேங்க், ஹைப்போஃபெரைன்ஸ்பேங்க் நான்கும் கேஷ் குரூப் என்ற கூட்டில் இருக்கின்றன. ஒன்றின் வாடிக்கையாளர் மற்றதில் இலவசமாக எடுக்கலாம். பெரிய நகரத்தில் இது போதும். சிறிய பல்கலைக்கழக ஊருக்குப் போகிறவர் கிளை எங்கே என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மொபைல் வங்கிகள்தான் பிள்ளைகளை இழுக்கின்றன, காரணத்தோடுதான். ஆங்கிலத்தில் செயலி, அரைமணி நேர வேலை, அன்மெல்டுங் தாளைக் கேட்காத வங்கிகளும் உண்டு. மேலே சொன்ன சிக்கலை உடைக்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. ஆனால் இந்திய பாஸ்போர்ட்டை வீடியோ அழைப்பில் ஏற்காத வங்கிகள் இருக்கின்றன. அங்கே போஸ்ட்ஐடென்ட் என்ற அடையாளச் சரிபார்ப்புத் தாளை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போக வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல எழுத்துக்கு எழுத்து இல்லாவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். சிலவற்றில் ஜிரோகார்டு கிடையாது, அல்லது தனியாகக் காசு கட்ட வேண்டும். சிலவற்றில் ஏடிஎம்மில் ஒரு தடவைக்கு 50 யூரோவுக்குக் குறைவாக எடுக்க முடியாது. மாதக் கடைசியில் கணக்கில் 38 யூரோ இருக்கும் மாணவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

என் பயம் வேறு. போன் தொலைந்தாலோ கணக்கு முடக்கப்பட்டாலோ போய் நிற்க ஒரு வாசல் இல்லை. போன வருஷம் ஒரு பெண்ணுக்கு ஊரிலிருந்து பெரிய தொகை வந்ததும் கணக்கு நின்றுவிட்டது. வங்கிப் பெயர் வேண்டாம். சாட்டில் கேட்டால் ஒவ்வொரு முறையும் வேறொருவர், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை. பணம் எங்கும் போகவில்லை, 12 நாளில் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த 12 நாளில் அவள் முகத்தைப் பார்த்தவன் நான். ஒரு கிளை இருந்திருந்தால் பாஸ்போர்ட்டோடு நேரில் போய்க் காரணத்தையாவது கேட்டிருக்கலாம்.

வைஸ் போன்ற பணம் அனுப்பும் செயலிகள் ஊருக்குப் பணம் அனுப்ப நல்லவை, சம்பளக் கணக்காக வேண்டாம். வைஸின் யூரோ கணக்கு எண் பெல்ஜியத்துடையது, பிஇ என்று ஆரம்பிக்கும். ஐரோப்பியச் சட்டப்படி அதை யாரும் மறுக்கக் கூடாது. ஆனாலும் மறுக்கும் வீட்டுக்காரரோடு முதல் மாதமே சட்டம் பேச யாரால் முடியும்?

கணக்கு வரும்வரை ஊர் கார்டுதான். வங்கிப் பெயர் இல்லாத தனியார் ஏடிஎம்களைத் தவிருங்கள், அங்கே கட்டணம் அதிகம். இயந்திரம் ரூபாய்க் கணக்கில் கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி யூரோவையே தேர்ந்தெடுங்கள். இயந்திரம் சொல்லும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

எல்லாருக்கும் கைகொடுக்கும் ஏடிஎம் எது என்றால், சூப்பர்மார்க்கெட் கல்லாதான். ரேவே, லிடில், ஆல்டி போன்ற கடைகளில் பால், ரொட்டி வாங்கும்போதே ஜிரோகார்டைக் காட்டி 200 யூரோ வரை ரொக்கம் கேட்கலாம். கட்டணம் இல்லை, வாங்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை மட்டும் கடைக்குக் கடை மாறும். ஹாம் என்ற ஊரில் இருக்கும் காமாட்சி அம்மன் கோவில் தேருக்குப் போகும்போது டோர்ட்முண்டிலேயே கல்லாவில் எடுத்துக்கொண்டுதான் ரயிலேறுவேன்.

என் முடிவு இது. விமானம் ஏறும் முன்பே மொபைல் வங்கியின் நிபந்தனைகளைப் படித்து வையுங்கள், வந்த வாரமே அதைத் திறந்து முதல் 992 யூரோவை அதில் வாங்குங்கள். அன்மெல்டுங் முடிந்த அன்றே ஷ்பார்காஸெயில் டெர்மின் போட்டு, வாடகையையும் காப்பீட்டையும் அங்கே மாற்றுங்கள். ஒன்றே ஒன்று போதும் என்பவருக்கு என் ஓட்டு ஷ்பார்காஸெக்கு. எந்த வங்கியாவது மறுத்தால் ‘பாசிஸ்கோன்டோ’ என்ற சொல்லைச் சொல்லுங்கள். சட்டப்படி நாட்டில் இருப்பவருக்கு அடிப்படைக் கணக்கு 2016 ஜூனிலிருந்து உரிமை. மறுத்தால் பாஃபின் என்ற கண்காணிப்பு அமைப்பிடம் முறையிடலாம். கார்டு தொலைந்தால் 116 116, எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.

புதிதாக வரும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது நான் ஒரு மார்க்கர் பேனாவும் டேப்பும் கொண்டுபோகிறேன். பாஸ்போர்ட்டை வாங்கி, அதில் இருக்கும் இரண்டு பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதி, தபால் பெட்டியில் ஒட்டிவிட்டுத்தான் மாடி ஏறுவோம்.